பெயர் அறியா நிழற்படக்காரர்: இராசபாளையம், திருவில்லிபுத்தூர்ப் படங்களின் நடை குறித்து

சங்கத் தொகை நூல்களைத் தொகுத்தோர், தொகுப்பித்தோர் பற்றி வழங்கும் குறிப்புகளுள் நற்றிணைக்குரியது ஒருவகையால் தனித்து நிற்பது. தொகுப்பித்தவன் பன்னாடு தந்த மாறன் வழுதி என்பது தெரிகின்றது; தொகுத்தவர் யாவர் என்பது தெரிந்திலது. பொருள் கொடுத்தான் பெயர் நின்றது. கைவினை செய்தார் பெயர் மறைந்தது. மற்றொரு செய்தியும் ஈண்டு நினைக்கத் தக்கது. செம்புலப்பெயனீரார், மீனெறிதூண்டிலார், குப்பைக்கோழியார், ஓரேருழவனார் என்றாற்போல, இயற்பெயர் மறைந்தும் தம் பாட்டின் சொல்லாலேயே பெயர் பெற்ற புலவர் குறுந்தொகையுள் பலர் உளர். இப்பெயர்களைச் சூட்டியோர் செய்தது திறனாய்வே என்பது எம் கருத்து. ஒரு பாட்டில் அப்புலவர்க்கே உரியது யாது என்று தேர்ந்து, அதனையே அவர்க்குப் பெயராக்கினர்.

இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் உறவினர், நண்பர் இல்லங்களில் சுவரில் தொங்குவனவும் பெட்டிக்குள் கிடப்பனவுமாகிய பழைய நிழற்படங்களைப் பார்க்குந்தோறும் இவ்விரண்டும் எம் நினைவிற்கு வந்தன. படத்தில் இருப்பார் பெயரை வீட்டார் அறிவர். எடுத்தார் பெயரை அறியார். அட்டையில் முத்திரை அழுந்தியிருப்பின் நிலையத்தின் பெயரேனும் கிடைக்கும். நிலையம் ஒன்று வைத்திராது, அழைத்த வீட்டிற்குப் பெட்டியைத் தூக்கிச் சென்று, எடுத்துக் கொடுத்துக் கூலி பெற்றோர் படங்களில் அதுவும் இல்லை. இத்தகையோரைக் குப்பைக்கோழியாரை அறிந்தாற்போல அவர்தம் நடை கொண்டே அறிதல் கூடுமோ என்பதே எம் வினா. கூடும் என்றே தொடங்கினோம். இடையில் ஓரிடத்துத் தவறினோம். அத்தவற்றையும் மறையாது எழுதுகின்றோம்.

நிழற்படம் தமிழ்த்துறை ஆய்விதழுக்குரிய பொருளாமோ என்று ஐயுறுவார் உளர். திருப்பரங்குன்றத்து ஓவிய மாடத்தைப் பார்க்க வந்தோர் இஃது யார், அஃது யாது என்று வினவி விடை பெற்றதைப் பரிபாடல் பாடுகின்றது. ஓவியம் பார்த்தலைப் பாட்டுப் பொருளாகக் கொண்ட மொழியில் இவ்வையம் நெடிது நில்லாது. சொல்லைப் பற்றி மட்டும் ஒன்று கூற வேண்டும். புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று சொற்களும் எழுத்தில் வழங்குகின்றன. மக்கள் வழங்குவது போட்டோ என்னும் ஒரே சொல். யாம் நிழற்படம் என்பதனை ஆள்கின்றோம். தொழிற்சொற்களை அத்தொழிலார் வழங்கும் வடிவிலேயே தருகின்றோம்.

சென்னையில் நிழற்படச் சங்கம் 1856 இல் தோன்றியது. அவ்வாண்டிலேயே கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பார் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பெற்றார். 1858 இல் மதுரைக் கோயிலையும் திருமலை நாயக்கர் அரண்மனையையும் எடுத்தார். அரசு ஊதியம் பெற்றவராதலின் அவர் பெயர் ஆவணத்தில் நின்றது. ஊர்தோறும் பின்னர்த் தோன்றிய தொழிலாளர்க்கு அத்தகைய ஆவணம் இல்லை. அவர்களைப் பற்றியே இனிப் பேசுவோம்.

இவ்விரு ஊர்களுக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். ஆயினும் தொழில் நோக்கில் இரண்டும் வேறு வேறு நிலங்கள் எனலாம். 1936 இல் பி. ஏ. சி. இராமசாமி ராசா இராசபாளையம் நூற்பாலையை நிறுவியபின் அவ்வூர் ஆலையூராக வளர்ந்தது. ஆலை விழா, பள்ளி ஆண்டு விழா, பெருங்குடும்பத் திருமணம் ஆகியவை அங்குப் படம் எடுப்பார்க்கு வேலை தருவன. திருவில்லிபுத்தூர் கோயிலூர். தனித்து வேலை செய்யும் நிழற்படக்காரர்க்குத் தை, வைகாசி, ஆவணி போன்ற முகூர்த்த மாதங்களே அறுவடைக் காலம். மணம் நிகழாத ஆடியும் மார்கழியும் வறண்ட மாதங்கள். திருவில்லிபுத்தூரிலோ அவ்விரு மாதங்களும் ஆண்டாளுக்குரியவை. ஆடிப்பூரத் தேரும் மார்கழி நீராட்டு விழாவும் வெளியூராரைக் கூட்டி வருகின்றன. ஆதலின் ஆவணியில் இராசபாளையத்து மணப்பந்தலில் நின்றவர் ஆடியில் திருவில்லிபுத்தூர்த் தேரடியில் நிற்றல் இயல்பு. ஆண்டாள் கொண்டையிட்டுக் கையில் கிளி ஏந்திய சிறுமியர் படங்கள் இரண்டு ஊர் இல்லங்களிலும் காணப்படுகின்றன. அவற்றைக் கொண்டு ஒருவர் எவ்வூரார் என்று துணிதல் அரிது.

தொழிலின் முறைமையையும் அறிதல் வேண்டும். முன்பணம் சிறிது, எஞ்சியது படம் கொடுத்த பின்னரே வரும், சில வேளை வாராது. மணமகன் வீட்டாரும் மணமகள் வீட்டாரும் ஒருவரையொருவர் சுட்டிக் காட்ட, நடுவில் நிற்பவர் படக்காரர். பிலிம் வாங்கியதும், கழுவியதும், அச்சிட்ட தாளும் முன்னரே அவர் செலவாகிவிடும். ஆகவே ஒரு சுருள் பிலிமை அவர் எண்ணி எண்ணியே செலவிடுவார். இரட்டை லென்ஸ் காமிராவில் 120 எண் சுருள் ஒன்றிற்குச் சதுரப் படங்கள் 12. உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960 இல் நிறுவப்பட்டு, 1967 முதல் ‘இந்து’ என்னும் பெயரால் பிலிம் செய்து விற்ற காலத்தும் இச்சிக்கனம் மாறிற்றிலது என்று முதியோர் கூறுவர்.

இச்சிக்கனமே ஒரு மரபைப் படைத்தது. அகப்பாட்டில் எந்நிகழ்ச்சியும் பாடுபொருள் ஆகிவிடுவதில்லை. துறை என்னும் வரையறைக்குள் அமைந்ததே பாடப்பெறும். பழைய மணப்பட ஏடுகளும் அவ்வாறே. காப்புக் கட்டல், தாலி கட்டல், அம்மி மிதித்தல், மணமக்கள் தனித்து நிற்றல், இரு குடும்பத்தார் குழு எனச் சில துறைகளே உள. வீடு வேறாயினும் துறை மாறாது. இதனைக் கண்டு, எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றனவே, இவற்றில் கலை எங்கே என்பர் சிலர். துறை ஒன்றாயிருத்தலைக் குறையாகக் கொள்ளின் ஐங்குறுநூற்றையும் அக்குறையுடையதாகக் கூற நேரும். ஒரே துறையைப் பத்து முறை பாடிய இடத்தன்றோ புலவன் திறம் விளங்கும்!

நிலையத்துப் படங்களில் மெய்ப்பாடு ஒன்றே. தொல்காப்பியர் கூறிய எட்டனுள் பெருமிதம் ஒன்றற்கே அங்கு இடம். நகைக்கு இடம் இல்லை. தகடு ஒளி பெற நெடுநேரம் அசையாதிருக்க வேண்டிய பழங்காலத்தில் சிரிப்பு கலைந்துவிடும் என்பது ஒரு காரணம். ஆயினும் நொடியில் படம் பதியும் காலம் வந்தபின்னும் பல்லாண்டுகள் எவரும் சிரித்திலர். ஆகலின் கருவியை மட்டும் காரணமாகக் காட்டல் பொருந்தாது. கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கும் பெருமிதத்தின் நிலைக்களன் என்பர். நிலையத்து மேசைமீது வைத்த தடித்த புத்தகம் கல்விக்கு. மடித்த கைத்தடியும் முறுக்கிய மீசையும் அஞ்சாமைக்கு. மார்பில் குத்திய பதக்கம் புகழுக்கு. கொடை ஒன்றற்கு மட்டும் நிலையத்தில் பொருள் இல்லை. (அப்புத்தகம் யாது என்று உருப்பெருக்கி கொண்டு பார்த்தோம், ஓரிடத்தில் அது கணக்கேடு.)

பெருமிதத்திற்குக் கருவியும் துணை செய்தது. இரட்டை லென்ஸ் காமிராவை வயிற்றோடு அணைத்து, குனிந்து மேலிருந்து பார்த்தே எடுப்பர். லென்ஸ் நிற்பவரின் இடுப்பிற்கும் மார்பிற்கும் இடைப்பட்ட உயரத்தில் அமையும். அதனால் நிற்பவர் சற்றே ஓங்கித் தோன்றுவர். முகம் வானை நோக்கி எழும். கண்ணோடு ஒட்டி வைத்து எடுக்கும் 35 மில்லிமீட்டர் காமிரா வந்தபின் இவ்வோக்கம் மறைந்தது. ஊர்ப் பெரியவர் படங்கள் ஒருகாலத்தில் மாண்புடன் இருந்தன, இன்று இல்லை என்று வருந்துவோர் பலர். அம்மாண்பின் ஒரு கூறு எடுப்பவர் தலை குனிந்ததனால் வந்தது என்பதனை அவர் எண்ணிப் பார்த்திலர்.

துறைகளுள் மிகச் சிறந்ததாக யாம் கருதுவது கண்ணாடிப் படம். பூப்பு நீராட்டு முடிந்த பெண்ணையோ மணமகளையோ தாழம்பூவும் மல்லிகையும் வைத்துத் தைத்த சடையுடன் நிலைக்கண்ணாடியின் முன் பக்கவாட்டில் நிறுத்துவர். முகம் நம்மை நோக்கும். முதுகில் தொங்கும் பூச்சடை கண்ணாடியில் தெரியும். ஒரு படத்தில் இரு படம். சடை தைக்கச் செலவு செய்த வீட்டார்க்குச் சடையும் தெரிதல் வேண்டும் என்னும் தேவையே இத்துறையைப் பிறப்பித்தது. திருவில்லிபுத்தூர்க் கோயிலில் கண்ணாடிக் கிணறு என்பது ஒன்று உண்டு. பெருமாளுக்குரிய மாலையைத் தான் சூடி ஆண்டாள் அதன் நீரில் தன் உருவைக் கண்டாள் என்பது வழக்கு. பூச்சூடிய பெண் தன் நிழல் காணும் இக்காட்சி அவ்வூரார் நெஞ்சில் ஊறியது. ஆயினும் கண்ணாடிப் படம் அதனின்று தோன்றியது என்று கூறோம். தமிழகம் முழுவதும் அத்துறை உண்டு. பொருத்தம் வேறு, பிறப்பு வேறு. இரண்டனையும் ஒன்றாக்கும் பழக்கம் எம் துறையில் மிகுதி.

இத்துறையில் கை திறம் அறிதல் எளிது. எடுப்பவரும் காமிராவும் கண்ணாடியில் விழாதவாறு கோணம் அமைத்தல் வேண்டும். முகத்தின் ஒளியும் சடையின் ஒளியும் ஒத்தல் வேண்டும். கண்ணாடியுள் தெரியும் சடை, கண்ணாடிக்கும் பெண்ணிற்கும் உள்ள தொலைவு கூடி இன்னும் எட்ட நிற்பதாதலின் இரண்டும் தெளிவாக அமைய லென்ஸின் துளையைச் சுருக்கல் வேண்டும். சுருக்கினால் ஒளி போதாது. இச்சிக்கலை ஒவ்வொருவரும் ஒவ்வொருவகையால் தீர்த்தனர். ஒருவர் பெண்ணைக் கதவருகே கொணர்ந்து வெயிலின் கடைசி ஒளியில் எடுத்தார். அவர் படங்களில் முகத்தின் ஒரு பாதி நிழலில் மென்மையாக அமிழும். அவ்வொளி அமைப்பையே மற்றத் துறைகளிலும் கண்டு, பெயர் அறியாத அவர்க்குக் கதவுநிழலார் என்று பெயரிட்டோம். நிலையமற்றவர் அவர் என்பது தெளிவு. வீட்டுக்கு வீடு கதவுகள் மாறுகின்றன, நிழல் மாறவில்லை. மற்றொருவர் ஒளியைச் சமமாகப் பரப்பி, முகத்தை மாசு மறுவற்றதாக்கி, கண்ணின் கருவிழியில் இரு சிறு வெண்புள்ளிகள் விளங்கச் செய்தார். அவரை இருபுள்ளியார் என்றோம். இருபுள்ளியார் படங்கள் இரண்டு ஊர்களிலும் மிகுதி. நிலைய முத்திரை உடையனவும் இல்லாதனவும் அவற்றுள் உண்டு. ஆகவே அவர் நிலையத்தில் பணி செய்து, பின் தனித்தொழில் மேற்கொண்டவர் என்று துணிந்தோம். இத்துணிபை ஒரு கருத்தரங்கிலும் கூறினோம்.

துணிபு தவறு. திருவில்லிபுத்தூரில் முதியவர் ஒருவர் எம்மிடமிருந்த படங்களைப் பார்த்து, “சார், இது வேற ஆளு எடுத்தது, அது வேற ஆளு எடுத்தது. பென்சில் மட்டும் ஒரே பென்சில்” என்றார். அவர் பல்லாண்டுகள் டச்சிங் வேலை செய்தவர். எந்நிலையத்திலும் நிலையாகச் சம்பளம் பெற்றிலர். இரண்டு ஊர் நிலையத்தாரும், நிலையம் இல்லாதாரும் நெகட்டிவை அவரிடம் கொடுத்து வாங்கிச் செல்வர். நெகட்டிவ் ஒன்றற்கு இவ்வளவு எனக் கூலி. யாம் ஒரு நிழற்படக்காரரின் நடை எனக் கண்டது பலர் எடுத்தவற்றின்மேல் ஓடிய ஒரு கைப் பென்சிலின் நடை. அப்பென்சில் அவருடையதா என்று கேட்டோம். அவர் தம் ஆசிரியருடையது என்றார். சற்றுப் பின்னர், தம்முடையதும் அப்படித்தான் இருக்கும் என்றார்.

டச்சிங் என்பது யாது? நெகட்டிவின் மருந்து பூசிய பக்கத்தில் பென்சில் பிடிக்குமாறு ஒருவகை மெருகைத் தடவி, சாய்ந்த சட்டத்தில் கீழிருந்து ஒளி வருமாறு வைத்து, உப்புத்தாளில் ஊசிபோல் தீட்டிய பென்சிலால் நுண்புள்ளிகள் இடுவர். நெகட்டிவில் கருமை கூடிய இடம் அச்சில் வெளுக்கும்; ஆகவே கண்ணின் கீழ்க்குழியும் நெற்றிச் சுருக்கமும் மறையும். கருமை வேண்டிய இடத்தில் கத்தியால் மெல்லச் சுரண்டுவர். எல்லாம் தலைகீழாக எண்ணிச் செய்ய வேண்டிய தொழில். ஏடெழுதுவோர் கையால் பாட்டின் சொல் மாறியமை நாம் அறிந்ததே. அங்குப் பாடவேறுபாட்டை ஏடு ஒப்பிட்டுக் காண்கின்றோம். ஈண்டு நெகட்டிவையும் அச்சையும் ஒருங்கு வைத்தல்லது காண இயலாது. நெகட்டிவுகளோ பெரும்பாலும் இல்லை. கண்ணாடித் தகடுகளின் மருந்தைச் சுரண்டிக் கழுவிப் படச்சட்டத்திற்குக் கண்ணாடியாக விற்றனர். பிலிம் நெகட்டிவுகள் வெள்ளி எடுப்போர் கைக்குச் சென்றன. ஓலைச்சுவடி ஆற்றில் விடப்பட்டதற்கு வருந்தும் நாம் இதற்கு வருந்தியதாகத் தெரியவில்லை.

டச்சிங்கைப் பற்றி மதிப்பிடுங்கால் ஒரு செய்தியை மறத்தல் ஆகாது. பழைய தகடுகள் பல சிவப்பு ஒளியை உணரும் ஆற்றல் அற்றவை. குங்குமம் அவற்றில் கருப்பாகப் பதியும். செம்மை கலந்த பழுப்பு நிறத் தோல் உள்ளதினும் கருத்துப் பதியும். அத்தகடு நம் தோலைக் கருக்கியது. அக்காலத்து டச்சிங் செய்தவர் முகத்தை வெளுக்கச் செய்தது ஒருபுறம் கருவியின் பிழையைத் திருத்தியதே ஆகும். இதனைக் குற்றம் என்னோம். எல்லா நிறத்தையும் உணரும் பிலிம் பரவலாக வந்தபின் அத்தேவை நீங்கியது. வெளுப்பாக்கும் வழக்கம் நீங்கவில்லை. பெண் பார்க்க அனுப்பும் படத்தில் பெண்ணின் நிறத்தை மாற்றித் தரல் தொழிலின் இன்றியமையாத பகுதியாயிற்று. நலம் புனைந்துரைத்தல் நம் இலக்கியத்தில் ஒரு துறை என்று கூறி இதனைக் காப்பார் உளர். அத்துறையில் தலைவன் தலைவியின் நலத்தையே உரைப்பான். அவளை மறைத்து வேறொருத்தியைக் காட்டான். யாம் பார்த்த படங்களுள் ஒன்றில் உடன்பிறந்தார் மூவர் உளர். மணமாகாத ஒருத்தியின் முகம் மட்டும் வெளுக்கப்பட்டுள்ளது. அவள் கைகள் தம் நிறத்திலேயே உள்ளன. பென்சில் கூலி முகத்திற்கு மட்டுமே கொடுக்கப்பட்டது போலும். நுண்ணிய வேலை, ஆயினும் அதனைப் பாராட்ட எமக்கு மனம் வரவில்லை. கதவுநிழலார் படங்களில் இவ்வெளுப்பு இல்லை. அவர் டச்சிங்கிற்குக் கொடுக்கப் பணமின்றி விட்டாரோ, வேண்டாவென்று விட்டாரோ அறியோம்.

சட்டமும் செய்தானையும் செய்வித்தானையும் பிரித்தே வைத்துள்ளது. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நிழற்படத்தின் ஆக்கியோன் அதனை எடுத்தவன். ஆனால் அச்சட்டத்தின் 17 ஆம் பிரிவு, ஒருவர் வேண்டுகோளின்படி பொருள் பெற்று எடுத்த படத்திற்கு, மாறான உடன்பாடு இல்லாவிடத்து, வேண்டியவரே முதல் உரிமையாளர் என்கின்றது. ஆக்கியோன் என்னும் பெயர் ஒருவர்க்கு, உரிமை மற்றொருவர்க்கு. பன்னாடு தந்த மாறன் வழுதிக்கு இச்சட்டம் வியப்பளித்திராது. டச்சிங் செய்தவரைச் சட்டம் குறிப்பிடவில்லை.

இன்று பென்சிலின் இடத்தைக் கணினி பெற்றது. ஒரு மணத்திற்கு ஒருவர் என்னும் நிலையும் மாறியது. இராசபாளையத்தில் யாம் கண்ட ஒரு திருமண ஏட்டிற்கு ஐவர் பணி செய்துள்ளனர். சடங்குகளை எடுத்தவர் ஒருவர், இயல்பான நிலைகளை எடுக்கும் கேண்டிட் வேலைக்கு ஒருவர், வீடியோவிற்கு இருவர், டிரோன் இயக்கியவர் ஒருவர். ஐவரும் நாட்கூலிக்கு வந்த தனித்தொழிலார். படங்களை வேறூரில் இருந்த ஏடு வடிவமைப்பாளர் தேர்ந்து அடுக்கினார். அட்டையில் இருப்பது, வேலையை ஏற்ற நிலையத்தின் பெயர். ஏடு இன்று தொகைநூல், நிலையத்தார் தொகுப்பித்தோர், வடிவமைப்பாளர் தொகுத்தோர், படம் எடுத்தோர் பெயரற்ற புலவர். அன்று 12 படத்திற்குள் அடங்க வேண்டி, எடுக்குமுன் தேர்ந்தனர். இன்று ஆயிரக்கணக்கில் எடுத்தபின் தேர்கின்றனர். தேர்பவர் எடுத்தவர் அல்லர். ஆதலின் இக்காலப் படங்களின் நடையை ஆராய்வார் முதலில் வடிவமைப்பாளரைத் தேடிச் செல்லுதல் நன்று. முன்னை டச்சிங்காரரைத் தேடாமையே எம் தவறு.

இக்காலக் காமிராக்கள் படத்துடன் நாள், நேரம், கருவியின் எண் முதலியவற்றையும், விரும்பின் உரியவர் பெயரையும் உள்ளே பதிக்கும். ஆகவே இனிப் பெயர் மறைவதில்லை என்று எம் மாணவர் ஒருவர் கூறினார். அவ்வைவருள் கேண்டிட் எடுத்தவரிடம் இதுபற்றிக் கேட்டோம். அவர் தம் பெயரைக் காமிராவில் பதித்தே வைத்திருந்தார். ஆயினும் ஏட்டிற்கென அவர் படங்களை வெட்டி ஒட்டிய பக்கங்களிலும், வாட்சாப் வழியே உறவினர்க்குச் சென்ற படிகளிலும் அக்குறிப்பு இல்லை. செல்லும் வழியில் உதிர்ந்துவிட்டது. மூலக் கோப்புகள் நிலையத்தாரின் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தன. அதில் அடுத்த முகூர்த்தத்திற்கு இடம் வேண்டி அவற்றை அழித்துவிட்டனர் என்று அவர் கூறினார். அவரிடம் எஞ்சியது தம் கைப்பேசியில் வைத்திருந்த ஒரு படம்: மணமகளின் பூச்சடை நிலைக்கண்ணாடியில் தெரிகின்றது, கண்ணாடியின் ஓரத்தில், வெட்டாது விட்ட இடத்தில், காமிரா பிடித்த அவர் முழங்கையும் தெரிகின்றது.